தட்டில் செத்த செல் உடலில் சாகுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: "மஞ்சளில் உள்ள குர்குமின், கிரீன் டீயில் உள்ள பொருள் போன்ற இயற்கையான தாவரச் சத்துகள் புற்றுநோய் செல்களைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கின்றன என்று பல இடங்களில் படித்தேன். இது உண்மையா? உண்மையென்றால் டாக்டர்கள் ஏன் அதைக் கொடுப்பதில்லை? அம்மாவுக்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது." கடைசி வரி இல்லாவிட்டால் இது வெறும் உயிரியல் கேள்வி. அந்த வரி இருப்பதால் உங்கள் மனதில் ஓடுவது வேறு என்று எடுத்துக்கொள்கிறேன்: அம்மாவுக்கு உதவக்கூடிய ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் கொடுக்காமல் விட்டுவிடுகிறேனா? அந்தக் கவலைக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. செல்கள் எப்படிச் சாகின்றன என்பதை ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பார்த்துவருபவன். அதில் பாதிக் காலம் தாவரப் பொருட்களைப் புற்றுநோய் செல்கள்மேல் போட்டுப் பார்ப்பதிலேயே போனது. ஆகவே செல்லுக்குள் நடப்பதைப் பற்றி ஓரளவு உறுதியோடு பேசுவேன். உங்கள் அம்மாவின் சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது.

நீங்கள் படித்தது பொய்யில்லை. தாவரப் பொருட்கள் புற்றுநோய் செல்களைக் கொல்கின்றன. அவற்றில் சில பல ஆண்டுகளாக மருத்துவமனைகளில் மருந்தாகவே இருக்கின்றன. உங்கள் அம்மாவுக்கு ஏறும் பாட்டிலுக்குள்கூட ஒரு மரத்தின் பட்டையிலோ செடியின் இலையிலோ முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் இருக்கலாம். ஆய்வுக்கூடத் தட்டில் ஒரு செல் சாவதற்கும் ஒரு மனிதரின் உடலில் கட்டி கரைவதற்கும் நடுவே உள்ள தூரத்தைத்தான் நீங்கள் படித்த கட்டுரைகள் சொல்லாமல் விட்டிருக்கின்றன.

முதலில் அந்தச் சாவு என்ன என்று பார்த்துவிடலாம். செல் இரண்டு விதமாகச் சாகலாம். அடிபட்டு, வீங்கி, வெடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் சுற்றிலும் கொட்டிச் சாவது ஒன்று. தன்னைத் தானே ஒழுங்காகப் பிரித்துப் போட்டு, சிறு சிறு பொட்டலங்களாகச் சுருங்கி, பக்கத்துச் செல்கள் விழுங்கிக்கொள்ளும்படி அடங்கிப்போவது இன்னொன்று. இரண்டாவதற்கு 1972-இல் கெர், வில்லி, கரி என்ற மூன்று ஆய்வாளர்கள் அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. வளர்ந்த மனித உடலில் ஒரு நாளைக்கு 5,000 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இப்படி உதிர்கின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இது விபத்தல்ல, மரபணுக்களிலேயே எழுதப்பட்ட வேலை என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு புழு ஒன்று காட்டிக்கொடுத்தது. அது வளரும்போது உருவாகும் 1,090 செல்களில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் சாகும். அந்த ஆராய்ச்சிக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல்லுக்குள் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெளியிலிருந்து வரும் சாவுச் சமிக்ஞையைச் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகள் வாங்கிக்கொள்வது ஒரு வழி. நம் பேச்சுக்கு முக்கியமானது மற்றது, செல்லுக்கு ஆற்றல் உண்டாக்கும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வழி. டிஎன்ஏ உடைந்தாலோ, செல் பிரியும்போது ஏதாவது சிக்கினாலோ, பி53 போன்ற காவல் புரதங்கள் கவனிக்கின்றன. சேதம் சரிசெய்ய முடியாதது என்றால், பேக்ஸ், பேக் என்ற இரண்டு புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை போடுகின்றன. அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிகிறது. சாதாரண நேரத்தில் செல்லுக்கு ஆற்றல் உண்டாக்க உதவுவதும் இதே புரதம்தான். இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது. அது வெளியே வந்துவிட்டால் கேஸ்பேஸ் என்ற வெட்டும் நொதிகள் ஒன்றையொன்று முடுக்கிவிட்டு, செல்லின் சட்டகத்தைத் துண்டு துண்டாக்குகின்றன. இந்த ஓட்டை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள் பிசிஎல்-2 குடும்பப் புரதங்கள்.

புற்றுநோய் செல் இந்த ஏற்பாட்டை முடக்கிவிட்டுத்தான் உயிர் வாழ்கிறது. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு கெட்டுப்போயிருக்கிறது. சிலவற்றில் பிசிஎல்-2 அளவுக்கு மீறிக் கிடக்கிறது. ஆனால் இதில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஓயாமல் பிரிந்துகொண்டே இருப்பதால் புற்றுநோய் செல்லுக்குள் எப்போதும் நெருக்கடி; தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மட்டுமே அது சாகாமல் இருக்கிறது. கூடுதலாக ஒரு தள்ளு கொடுத்தால் சாதாரண செல் தாங்கிக்கொள்ளும், இது விழுந்துவிடும். கீமோ வேலை செய்வதற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. தாவரப் பொருட்களின் மேல் எங்களுக்கு இருக்கும் நம்பிக்கையும் இங்கிருந்துதான் வருகிறது.

சரி, அந்தத் தள்ளைச் செடி ஏன் வைத்திருக்கிறது? செடியால் ஓட முடியாது. பூச்சியையும் பூஞ்சையையும் மேய வரும் விலங்கையும் அது வேதிப்பொருளால்தான் சமாளிக்க வேண்டும். ஆகவே நாம் ஆர்வத்தோடு பிரித்தெடுக்கும் பொருட்களில் பல அடிப்படையில் விஷங்கள், அதுவும் செல் பிரிவதையோ ஆற்றல் உண்டாவதையோ குறிவைத்து அடிக்கும் விஷங்கள். 'இயற்கையானது, அதனால் மென்மையானது' என்ற எண்ணம் இந்த இடத்தில் தலைகீழாகிவிடுகிறது. மென்மையான பொருளாக இருந்தால் அது புற்றுநோய் செல்லையும் ஒன்றும் செய்திருக்காது.

நித்தியகல்யாணியின் கதை எனக்கு எப்போதும் பிடித்தது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அதன் இலைகளை ஆராய்ந்தது புற்றுநோய்க்காக அல்ல. ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சோதித்தார்கள். எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. வேறு யாராவது இருந்திருந்தால் தோல்வி என்று மூடி வைத்திருப்பார்கள். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள், அவை பெருகிக் கிடக்கும் ரத்தப் புற்றுநோயில் உதவக்கூடும் என்று இவர்கள் யோசித்தார்கள். அதிலிருந்து வின்பிளாஸ்டின் வந்தது. அதே செடியிலிருந்து சிறிது பின்னால் பிரிக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் முதல் வரிசையில் இருக்கிறது. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் நுண்குழல்களை அது கட்டவிடாமல் செய்கிறது. செல் பாதிப் பிரிவில் மாட்டிக்கொள்கிறது. காவல் புரதங்கள் பார்க்கின்றன. கடைசியில் மைட்டோகாண்ட்ரியா கசிகிறது.

இங்கே அளவைக் கவனியுங்கள். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு தடவை செலுத்தும் அளவு பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. தாண்டினால் கை கால் நரம்புகள் கெடும், ஏனென்றால் நரம்பின் நீண்ட இழைகளும் அதே நுண்குழல்களை நம்பித்தான் இருக்கின்றன. இவ்வளவு ஒடுங்கிய அளவில் வேலை செய்யும் பொருளை இலையாக மென்றோ கஷாயமாகக் குடித்தோ சரியாகக் கொடுக்க வழியே இல்லை. நித்தியகல்யாணி இலையை யாரும் தயவுசெய்து வாயில் போட வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962-இல் சேகரித்தார்கள். மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதிலிருந்த பொருளின் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். அது நுண்குழல்களைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது என்று சூசன் ஹார்விட்ஸ் 1979-இல் காட்டினார். பேக்ளிடாக்சல் என்ற மருந்தாக 1992-இல் அனுமதி கிடைத்தது. பட்டையிலிருந்து மருந்துக்கு முப்பது ஆண்டுகள். அதே வாலும் வாணியும் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து எடுத்த கேம்ப்டோதெசின் இன்னும் அதிகம் கற்றுக்கொடுத்தது. அதைக் கரையும் உப்பாக மாற்றி நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் ரத்தக்கசிவு வந்து, 1970-களின் தொடக்கத்தில் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. மூலக்கூறைத் திருத்தி, டோபோடெகான், இரினோடெகான் என்ற இரண்டு மருந்துகளாக 1996-இல்தான் மீண்டும் வந்தது. செடி கொடுத்தது யோசனையை. மனிதரால் தாங்கக்கூடிய வடிவத்தை வேதியியலாளர்கள் உண்டாக்க வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் பெயர் சொல்லிக் கேட்ட குர்குமினுக்கு வருகிறேன். தட்டில் வளரும் புற்றுநோய் செல்மேல் குர்குமின் போட்டால் செல் சாகிறது. நானே பல முறை பார்த்திருக்கிறேன், கேஸ்பேஸ் முடுக்கப்படுவதும் தெரியும். ஆனால் அதற்கு நாங்கள் போடும் அளவு பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (திரவத்தில் ஒரு பொருள் எவ்வளவு செறிவாகக் கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அலகு). 2001-இல் வெளியான ஒரு மனித ஆய்வில் தினமும் 8 கிராம் குர்குமின் விழுங்கியவர்களின் ரத்தத்தில் உச்ச அளவே சராசரியாக 2 மைக்ரோமோலாரைத் தொடவில்லை. பின்னால் வந்த பல ஆய்வுகளில் அதைவிடவும் மிகக் குறைவு. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியே தள்ளிவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் இருபது மடங்கு ஏறும் என்று சொல்வார்கள். 1998-இல் வந்த அந்த ஆய்வு உண்மைதான், ஆனால் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவை இருபதால் பெருக்கினாலும் தட்டில் இருந்த அளவு வராது. அதோடு பைப்பரின் வேலை செய்வதே கல்லீரல் நொதிகளைத் தடுத்துத்தான். அதே நொதிகள்தான் பல கீமோ மருந்துகளையும் உடலிலிருந்து கழிக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு சிக்கல் எங்கள் பக்கத்தில் இருக்கிறது, அதை நான் நேராக அனுபவித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிரீன் டீயில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருளைக் குடல் புற்றுநோய் செல்கள்மேல் போட்டேன். மறுநாள் காலையில் தட்டு முழுக்கச் செத்த செல்கள் மிதந்தன. அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் படவில்லை. என் மேற்பார்வையாளர் ஒன்றே ஒன்று சொன்னார்: கேட்டலேஸ் சேர்த்துத் திரும்பச் செய். ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதி அது. சேர்த்துச் செய்தபோது முக்கால்வாசி செல்கள் உயிரோடு இருந்தன. ஈஜிசிஜி போன்ற பாலிஃபீனால்கள் செல் வளர்க்கும் திரவத்தில் கலந்ததுமே ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடை உண்டாக்குகின்றன. செல்லைக் கொன்றதில் பெரும்பங்கு அந்தப் பெராக்சைடுதான். ரத்தத்தில் அதைக் கழிக்கும் நொதிகள் தாராளமாக இருப்பதால் உடலில் அப்படி நடக்காது. செல் உயிரோடு இருக்கிறதா என்று நிறமாற்றத்தை வைத்துப் பார்க்கும் சில சோதனைகளையும் இந்தப் பொருட்கள் நேரடியாகவே குழப்பிவிடும். இந்தத் துறையில் வெளியாகும் கட்டுரைகளில் இவற்றையெல்லாம் சரிபார்க்காதவை நிறைய இருக்கின்றன. வருத்தத்தோடுதான் சொல்கிறேன், இந்தப் பொருட்களை நம்பி வேலை செய்பவன் நான். குர்குமின் பற்றி 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று தெரியாதபடி ஒழுங்காக நடத்தப்பட்டவற்றில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்பதே அவர்கள் முடிவு.

மனிதர்களில் நடந்த சோதனைகளில் ஒரு ஜோடியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்பிக்கை எப்படி உருவாகி எப்படி உதிர்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். பரம்பரையாகக் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சிகள் நூற்றுக்கணக்கில் வந்து, பின்னால் புற்றுநோயாகும் ஒரு நோய் உண்டு. குர்குமின் உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்குவதால், ரத்தத்தில் ஏறாவிட்டாலும் அங்கே அது போதிய அளவில் இருக்கும். ஆகவே வேலை செய்யும் என்றால் இந்த நோயில்தான் செய்ய வேண்டும். யோசனை மிக நியாயமானது. 2006-இல் 5 நோயாளிகளுக்குக் குர்குமினும் குவெர்செட்டின் என்ற இன்னொரு தாவரப் பொருளும் கொடுத்தபோது பாலிப்கள் பாதிக்குமேல் குறைந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை சாப்பிட்ட குழு இல்லை. 2018-இல் அதே ஆய்வாளர்களின் தலைமையில் 44 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு தினம் 3 கிராம் குர்குமின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று ஓர் ஆண்டு கொடுத்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் பாலிப் எண்ணிக்கையிலோ அளவிலோ வித்தியாசம் இல்லை. தங்கள் முந்தைய முடிவையே கடுமையாகச் சோதித்து, முன்பு பலித்தது இந்த முறை பலிக்கவில்லை என்று வெளியிட்டார்களே, அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

சந்தேகத்தில் இருப்பவை இன்னும் உண்டு. பருத்தி விதையிலுள்ள காசிப்போல், நான் மேலே சொன்ன பிசிஎல்-2 தாழ்ப்பாளிலேயே நேரடியாகப் போய் ஒட்டுகிறது. கேட்டவுடன் இதுதான் சரியான சாவி என்று தோன்றும். நுரையீரல் புற்றுநோயில் செய்த சோதனைகளில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அதே தாழ்ப்பாளுக்குச் செயற்கையாக வடிவமைத்த வெனிடோக்ளாக்ஸ் 2016-இல் மருந்தாகிவிட்டது. இது தாவரப் பொருட்களுக்குத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்று தெரிந்தபின் அதற்கென்றே செதுக்கிய மூலக்கூறு முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான். குர்குமினை நுண்துகள்களில் அடைத்துக் கொண்டுபோவது, கீமோவோடு சேர்த்து அதன் பலனைக் கூட்டுவது என்று நடக்கும் ஆராய்ச்சிகளை நானும் ஆவலோடு பின்தொடர்கிறேன். அவை இன்று நோயாளிக்குப் பரிந்துரைக்கும் நிலையில் இல்லை.

இனி உங்களுக்கு நேராகத் தேவைப்படும் பகுதி. 'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, சேர்த்துக் கொடுத்துவிடலாமே' என்று நினைக்கத் தோன்றும். அந்த எண்ணத்தைத்தான் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் போர்ட்டெசோமிப் மருந்தை ஈஜிசிஜி கட்டிப்போட்டுச் செயலிழக்க வைக்கிறது என்று 2009-இல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். மனிதர்களில் எந்த அளவுக்கு நடக்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அந்த மருந்து எடுப்பவர்கள் கிரீன் டீ மாத்திரைகளைத் தவிர்ப்பதே நல்லது. மனச்சோர்வுக்காகப் பலர் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகானின் செயல்படும் வடிவத்தை நோயாளிகளின் ரத்தத்தில் 42 சதவீதம் குறைத்தது 2002-இல் தெரியவந்தது. இதில் வெளியே ஒன்றும் தெரியாது. கட்டி மட்டும் கரையாமல் இருக்கும், மருந்து பலிக்கவில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். திராட்சையில் உள்ள ரெஸ்வெராட்ராலை அதிக அளவில் மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு சோதனை, சிறுநீரகப் பாதிப்பு வந்ததால் 2010-இல் நிறுத்தப்பட்டது. பாதாமி (ஆப்ரிகாட்) பழத்தின் கொட்டையிலுள்ள அமிக்டாலினை 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982-இல் வெளியானது. பலன் எதுவும் இல்லை, சிலருக்கு ரத்தத்தில் சயனைடு அபாய அளவை நெருங்கியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது 18 சதவீதம் கூடியிருந்தது.

இந்த எல்லா உதாரணங்களிலும் பேச்சு பிரித்தெடுத்து மாத்திரையில் அடைத்த பொருளைப் பற்றியது. உணவில் சாதாரணமாகச் சேரும் அளவு பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராது. சாப்பாட்டைப் பற்றி நீங்கள் பதறத் தேவையில்லை. அம்மாவுக்கு எது இறங்குகிறதோ, டாக்டர் தடுக்காதவரை அதைக் கொடுங்கள். கீமோ நடக்கும்போது உடல் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது, எந்தச் சத்து மாத்திரையையும்விடப் பெரிய உதவி. அப்புறம், கீமோவை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மட்டும் மாறலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், 2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை நினைவில் வையுங்கள். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று முறைகளை மட்டும் தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல்.

அம்மாவுக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்துவந்தால் குற்ற உணர்ச்சி வேண்டாம். அக்கறையால் செய்ததுதான். ஆனால் மறைக்காதீர்கள். டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்: பெயர், ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள், கீமோ நாளன்றும் கொடுத்தீர்களா என்று சொல்லுங்கள். சில டாக்டர்கள் சலித்துக்கொள்ளலாம். அதற்காகச் சொல்லாமல் வர வேண்டாம். மருத்துவமனையில் மருந்தாளுநர் இருந்தால் அவரிடமும் கேளுங்கள், மருந்துக்கும் மருந்துக்கும் இடையில் நடக்கும் மோதல்களைப் பார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. அதே நேரத்தில் அம்மாவுக்கு ஏறும் மருந்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது பேக்ளிடாக்சல், டோசிடாக்சல், வின்கிரிஸ்டின், எட்டோபோசைட், இரினோடெகான் இவற்றில் ஒன்றாக இருந்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த தாவரப் பொருள் அளந்து, சோதித்து, ஏற்கெனவே அவர் நரம்பில் போய்க்கொண்டிருக்கிறது. பெயரை இங்கே எழுதினால், அது செல்லுக்குள் எங்கே அடிக்கிறது, எந்தச் சத்து மாத்திரைகளோடு மோதும் என்று தெரிந்திருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார்செய்ய அது உங்களுக்கு உதவும்.